பழைய அச்சுக்கு ஓடும் முள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40-ஐயும் ஹில்மனையும் இன்னும் தெருவில் ஓடவிடும் அண்ணைமாருக்கும், அவற்றுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்தெழும்பும் கராச் தம்பிமாருக்கும்,



போன மாசியில் ஒருநாள் காலை கொடிகாமத்துக்குத் தேங்காய் ஏற்றப் போனேன். கைதடி தாண்டியதும் பொலிஸ்காரத் தம்பி ஒருவர் கையைக் காட்டினார். ஓரமாய் நிறுத்தினேன்.

“ஐயா, 54.”

“என்ன தம்பி 54?”

“வேகம். இதிலை 50தான் ஓடலாம்.”

என் மைனரின் மீற்றர் மைலில் சொல்வது. அவர் மறிக்கும்போது முள் 31-இல் நின்றதை நான் பார்த்தேன். 31 மைல் என்றால் 50 கிலோமீற்றர். சட்டத்தின் கோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்று சாதித்தேன். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார், பின் பம்பரைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார். “இந்தக் கார் 54-இலை ஓடுமெண்டே நான் நினைக்கேல்லை. போட்டு வாங்கோ.”

பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் வீடு வந்தேன். இரவு பென்சிலும் கொப்பியும் எடுத்துக் கணக்குப் பார்த்தபோது வெட்கம்தான் மிஞ்சியது. பொலிஸ்காரத் தம்பியின் வேகக் கருவி சரி. பிழை என் காரில். அதிலும், நானே காசு கொடுத்துச் செய்வித்த பிழை. உங்களில் பாதிப் பேரின் காரிலும் இதே பிழை இருக்குமென்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

என் கார் 948 சீசீ எஞ்சினோடு வந்த மைனர் 1000. அந்த எஞ்சின் 1956-இல் வந்தது. 1962-இல் 1098 சீசீ வந்தபோது கம்பனி பின் அச்சின் பல் விகிதத்தையும் மாற்றியது. 948-க்கு 4.555, 1098-க்கு 4.22. அதாவது பின்சில்லு ஒருமுறை சுற்ற, பழைய அச்சில் புரொப்பெலர் சாப்ற் நாலரை முறைக்குச் சற்று அதிகமாய்ச் சுற்றும். புதியதில் நாலேகால் முறையும் முழுதாய் இல்லை. 2021-இல் என் காரின் கிறவுண் வீல் ஊளையிடத் தொடங்கியபோது, உடைத்து வைத்திருந்த ஒரு 1098-இன் அச்சுக் கிடைத்தது. “அண்ணை, இது போட்டால் எஞ்சின் கத்தாது, எண்ணெயும் மிச்சம்” என்றான் கராச்சிலிருந்த தம்பி. போட்டோம். எஞ்சின் கத்தவில்லை. ஆனால் மீற்றருக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

ஸ்பீடோமீற்றர் தெருவைப் பார்ப்பதில்லை. சில்லைக்கூடப் பார்ப்பதில்லை. கியர்பொக்ஸின் பின்முனையில், வெளியே போகும் சாப்ற்றில் வெட்டிய ஒரு பல்லும் அதோடு கோத்த ஒரு சின்னப் பினியனும் இருக்கின்றன. அந்தப் பினியன் கேபிளைச் சுற்றுகிறது, மீற்றருக்குத் தெரிவது அந்தக் கேபிள் சுற்றுவது மட்டும்தான். மிச்சமெல்லாம் கம்பனி செய்துவைத்த அனுமானம்: இந்த அச்சு, இந்த ரயர், ஆகவே கேபிள் இத்தனை சுற்றுச் சுற்றினால் ஒரு மைல். அச்சை மாற்றினால் அனுமானம் உடைகிறது. ரயரின் உயரத்தை மாற்றினாலும் உடைகிறது. முள் மட்டும் முன்பிருந்த காரையே நம்பிக்கொண்டு ஓடுகிறது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும், கராச்சுகளில் அடிக்கடி கேட்கிறேன். “கியர் மாத்தினால் மீற்றர் பிழைக்கும்” என்கிறார்கள். கியர்பொக்ஸுக்குள் இரண்டாம் கியர், மூன்றாம் கியர் பற்களை மாற்றினால் மீற்றர் பிழைக்காது. பினியன் இருப்பது அவற்றுக்கெல்லாம் பிறகு, வெளிச் சாப்ற்றில். முழுக் கியர்பொக்ஸையே மாற்றி டட்சன் பெட்டியைப் பூட்டினால்தான் சிக்கல். டட்சனின் பினியனுக்கு வேறு பல் எண்ணிக்கை, கேபிள் தலையும் வேறு. பலர் அந்த இடத்தில் கேபிளைச் சுருட்டி டாஷ்போட்டுக்குள் கட்டிவிட்டு முள்ளை 0-இல் தூங்க விட்டிருக்கிறார்கள். அது பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன். தூங்குகிற முள் யாரையும் ஏமாற்றாது.

என் கணக்குக்கு வருகிறேன். 4.22-ஐ 4.555-ஆல் பிரித்தால் 0.926. நான் 100 ஓடினால் மீற்றர் 92.6 என்கிறது. முள் 31 மைலில் நிற்கும்போது கார் ஓடுவது 33 மைலுக்கு மேலே, கிலோமீற்றரில் ஏறக்குறைய 54. பொலிஸ்காரத் தம்பியின் கருவி சொன்ன அதே எண். வெளித்தெருவில் 70-க்கு மட்டாய் ஓடுவதாக நினைத்துக்கொண்டு 75-ஐத் தாண்டிப் போயிருக்கிறேன். பிரேக் டிரம் பிரேக், கார் அறுபது வருடப் பழசு.

வேகத்தில் வந்த பிழையை ஒரு சிரிப்போடு முடிக்கலாம். தூரத்தில் வந்த பிழைக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. 2022 ஆடியில் எண்ணெய்க்குக் கியூஆர் பங்கீடு வந்தது நினைவிருக்கும். காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த நாட்களில் நான் சீஆர் கொப்பியில் ஒவ்வொரு லீற்றரையும் எழுதினேன். பழைய அச்சில் 20 லீற்றருக்கு 150 மைல் ஓடிய கார், இப்போது 143 மைல்தான் ஓடியது. “எண்ணெய் மிச்சமெண்டாய், எங்கை மிச்சம்?” என்று அந்தக் கராச் தம்பியைப் பார்க்கும் இடமெல்லாம் ஏசினேன். எஞ்சினைக் கழற்றச் சொன்னேன், காபரேற்றரைக் கழுவுவித்தேன். மீற்றர் காட்டிய 143-ஐ 0.926-ஆல் பிரித்துப் பாருங்கள். 154. கார் முன்பைவிட நாலு மைல் கூட ஓடியிருக்கிறது. மிச்சம் பிடித்ததை எண்ணவேண்டிய கருவியே அதைக் குறைத்து எண்ணியிருக்கிறது. தம்பி, நீ சொன்னது சரி. இதை எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன்.

இந்தக் குடாநாட்டில் மீற்றர் ஏன் இப்படி அநாதையானது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பெற்றோல் வரவில்லை, பற்றரி வரவில்லை, ரயர் வரவில்லை. சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறை நாங்கள். ஒரு காரை அறுத்து மூன்று காரை வாழவைத்தோம். 1995 ஐப்பசி 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் ஊரே இடம்பெயர்ந்து நகர்ந்தபோது நடைவேகத்தில் ஊர்ந்த கார்களுக்குள் முள் எங்கே நின்றதென்று யாருக்கு அக்கறை? ஏ9 2002-இல் திறந்து, 2006 ஆவணியில் பூட்டி, சண்டை முடிந்தபின் மறுபடி திறந்தது. அத்தனை காலமும் தெருவின் கிடங்குகளே வேகத்தைக் கட்டுப்படுத்தின. ஹயர் கார் கூலியும் மைலுக்கு இல்லை, இடத்துக்கு: பருத்தித்துறைக்கு இவ்வளவு, சாவகச்சேரிக்கு இவ்வளவு. கேபிள் அறுந்தால் அறுந்தபடி. அதில் பிழையே இல்லை. பிரேக்கும் ஸ்பிறிங்கும் தேடிய கைகளுக்கு முள்ளைத் தேட நேரம் இருக்கவில்லை.

இப்போது தெரு காபெற். பளையிலிருந்து ஆனையிறவு வரை கார் தானாகவே ஓடும்போல் இருக்கிறது. வேகத்தை உடம்பில் உணர்த்திய கிடங்குகள் போய்விட்டன. அந்த வேலை இப்போது முள்ளிடம் வந்திருக்கிறது.

முதலில் உங்கள் காரில் எந்தப் பிழை என்று பாருங்கள், பிறகு கைவையுங்கள். மீற்றருக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மைல் எண்ணும் சக்கரங்கள் கேபிளோடு பற்களால் கோத்தவை. அவை வழுக்கவும் முடியாது, களைக்கவும் முடியாது. முள் அப்படியல்ல. 1902-இல் ஒற்றோ சூல்ற்ஸ் என்ற ஜெர்மன்காரர் காப்புரிமை பெற்ற உபாயம்தான் இன்றைக்கும் எங்கள் டாஷ்போட்டில்: கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, காந்தம் தொடாமலே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது, மயிரிழை ஸ்பிறிங் ஒன்று அதைப் பிடித்து வைக்கிறது. காந்தம் வயதாகித் தளரும், ஸ்பிறிங்கும் களைக்கும், முள் பிழைக்கும். ஆனால் மைல் எண் சரியாகவே இருக்கும். ஆகவே மைல் சரி, முள் மட்டும் பிழை என்றால் நோய் மீற்றருக்குள். மைலும் முள்ளும் ஒரே அளவு பிழை என்றால் நோய் அச்சிலோ ரயரிலோ. இதைப் பார்க்காமல் மீற்றரைக் கழற்றுவது வயிற்றுக்குத்துக்குப் பல்லைப் பிடுங்குவது போல.

பார்க்கும் வழி செலவில்லாதது. ஏ9-இல் கொடிகாமத்துக்கு அப்பால் கிலோமீற்றர் கல்லுகளைப் பிடியுங்கள். 16 கல் தூரம் ஓடினால் மைல் மீற்றர் 10-க்கு ஒரு இம்மி குறைவாய், 9.9 காட்ட வேண்டும். என்னுடையது 9.2 காட்டியது. திரும்பி வரும்போது முள்ளை 30 மைலில் அசையாமல் பிடித்து, பக்கத்தில் இருப்பவர் கையில் மணிக்கூட்டைக் கொடுங்கள். சரியான மீற்றர் என்றால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 74, 75 விநாடி. எனக்கு 69. ஐந்து கல்லுக்குச் சேர்த்து எண்ணினால் கை தடுமாறுவதால் வரும் பிழை குறையும். கைத்தொலைபேசியின் ஜீபீஎஸ்ஸும் நல்ல சாட்சிதான், ஒரே வேகத்தில் சற்றுநேரம் ஓடினால். என் மகன் அதைத்தான் முதலில் சொன்னான். கல்லை எண்ணிப் பிடித்த பிழைக்கு ஒரு ருசி இருக்கிறது, அது அவனுக்கு விளங்காது.

பிழை அச்சில் என்று தெரிந்தபின் அதை அளக்க ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் மீற்றர் ஸ்மித்ஸ் என்றால், முகப்பின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சின்னதாய் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்று அந்த மீற்றர் எதிர்பார்க்கிறது என்பதே அந்த எண். உங்கள் கார் உண்மையில் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணி இரண்டையும் ஒப்பிட்டால் முடிந்தது.

மட்டமான தரையில் காரை நிறுத்தி, ரயருக்குக் காற்றை அளவாய் அடித்து, நியூட்ரலில் விடுங்கள். மீற்றருக்குப் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் அட்டைத்துண்டால் ஒரு அம்பு குத்துங்கள். பின்ரயரிலும் தரையிலும் சோக்கட்டியால் கோடு. ஒருவர் தள்ள, சில்லு சரியாக ஆறு சுற்று வரட்டும். உள்ளே இருப்பவர் அட்டை அம்பு எத்தனை சுற்று வந்தது என்று கால், அரையோடு எண்ணட்டும். பிறகு தரையிலிருந்து சில்லின் நடுமையம் வரை உயரத்தை அங்குலத்தில் அளவுங்கள். 1680-ஐ அம்பின் சுற்றால் பெருக்கி, அந்த உயரத்தால் பிரித்தால் உங்கள் காரின் எண் வரும். 1680 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: ஒரு மைலில் 63,360 அங்குலம், அதை இரண்டு பையாலும் ஆறாலும் பிரித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, அம்பு ஒன்பதரை சுற்று, உயரம் பதினொன்றேகால் அங்குலம் என்றால் 1419. முகப்பில் 1530 என்று இருந்தால் மீற்றர் நூற்றுக்கு ஏழு குறைத்துச் சொல்கிறது.

தள்ள ஆள் இல்லையென்று ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கிச் சுற்றிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது மற்றச் சில்லு நிற்பதால் டிஃபரென்சல் பாதியைத்தான் சாப்ற்றுக்குக் கொடுக்கும். ஆறுக்குப் பதில் பன்னிரண்டு சுற்று எண்ண வேண்டும். இதை மறந்து ஒருவர் தன் கார் பாதி வேகத்தில் ஓடுவதாக எனக்கு நிரூபித்துக் காட்டினார்.

இனி மருந்து. உங்கள் கியர்பொக்ஸுக்கு வேறு பல்லெண்ணிக்கையில் பினியன் கிடைத்தால் அதுவே முதல். முள்ளும் மைலும் ஒன்றாய்த் திருந்தும், வெளியே ஒன்றும் தெரியாது. யப்பான் பெட்டி பூட்டியவர்களுக்கு இது சுலபம். வேறு வேறு பல்லில் பிளாஸ்ரிக் பினியன்கள் வந்திருக்கின்றன, பழைய பெட்டிகளைக் கிண்டினால் அகப்படும். அது கிடைக்காவிட்டால் கேபிளின் வழியில் ஒரு சின்னப் பல்லுப்பெட்டியைப் பூட்டலாம். இவ்வளவு உள்ளே, இவ்வளவு வெளியே என்று விகிதத்தைச் சொல்லிச் செய்விக்க வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது பெரிய வேலை இல்லை. நான் அதைத்தான் செய்தேன்.

மூன்றாவது வழிதான் அதிகம் நடப்பது, எனக்குப் பிடிக்காததும் அதுதான். மீற்றரைத் திறந்து ஸ்பிறிங்கை இறுக்கியோ தளர்த்தியோ முள்ளைச் சரியாக்குகிறார்கள். முள் சரியாகும். மைல் எண்ணும் சக்கரங்கள் பழைய பொய்யையே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணெய்க் கணக்கு பிழைக்கும், ஒயில் மாற்றும் கணக்கு பிழைக்கும், நான் செய்ததுபோல நல்ல மெக்கானிக்கை ஏசவும் நேரிடும். அச்சில் வந்த பிழையை ஸ்பிறிங்கில் திருத்தித் தரும் ஆளிடம் “மைலும் திருந்துமோ?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகத்தில் பதில் தெரியும்.

ரயரை மட்டும் மாற்றியவர்கள் பயப்படாமல் வாசியுங்கள். 14 அங்குல றிம்மில் 155/80 ரேடியல் போட்டால் ரயரின் உயரம் ஏறக்குறைய 604 மில்லிமீற்றர். வடிவுக்கென்று 165/65 போட்டால் 570. ஐந்தரை வீதம் சிறிசு. மீற்றர் கூட்டிச் சொல்லும், பொலிஸ் பயம் இல்லை, ஆனால் மைல் பொய்யாய் ஏறும். மாறாக, வாகன்ஆர் வைத்திருக்கும் பெடியள் 155/65-க்குப் பதில் 165/65 போடுகிறார்கள். இரண்டேகால் வீதம் பெரிசு. அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. புதுக் கார்களின் மீற்றர் இயல்பிலேயே கூட்டிச் சொல்லும்படிதான் வருகிறது. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, மீற்றர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே பத்து வீதமும் நாலு கிலோமீற்றரும் வரை காட்டலாம் என்கிறது. 50-இல் ஓடும் கார் 59 வரை காட்டினாலும் அந்த விதிப்படி சரி. அந்த இடைவெளிக்குள் உங்கள் ரயர் அநேகமாய் அடங்கிவிடும். றிம்மை இரண்டு அங்குலம் கூட்டி, ரயரையும் உயர்த்தி, காரைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்கள்தான் கல்லை எண்ண வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியாது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று, தனியாருக்கு 2025 மாசியில்தான் திறந்தது. இடையில் பழைய கார் விலை ஏறியது, மீற்றரைப் பின்னுக்குச் சுத்தும் கையும் கூடியது. மீற்றரைத் திருத்தவும் பின்னுக்குச் சுத்தவும் ஒரே ஸ்குறூட்றைவர்தான், ஒரே மேசைதான். அதனால் சில தம்பிமார் “மீற்றர் வேலை” என்றாலே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவேண்டாம், எழுதி வையுங்கள். மீற்றரைக் கழற்றிய திகதி, அப்போது நின்ற மைல், போட்ட அச்சின் விகிதம், ரயரின் அளவு, எத்தனை வீதம் திருத்தினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் காரின் புத்தகத்துக்குள் வைத்தால், நாளைக்கு அதை வாங்குபவர் உங்களைத் தேடி வந்து கும்பிடுவார். என் துண்டு கதவின் உட்பலகையில் ஒட்டியிருக்கிறது. அதில் 4.22 என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

வாற ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறமுதல், வல்லைவெளியில் தெருவை விட்டு இறங்கி மட்டமான ஒரு நிலத்தில் நிற்பேன். சோக்கட்டி, அளவுநாடா, பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கின்றன. தள்ள ஆள் இல்லை. காரோடு வருபவர்கள் ஆளுக்கொரு பெடியனைக் கூட்டிவாருங்கள், அவனுக்குத் தேத்தண்ணியும் வடையும் என் செலவு. ஆறு சுற்று எண்ண ஐந்து நிமிடம் போதும். மழை வந்தால் அடுத்த ஞாயிறு.

அன்புடன்,
மைனர்க்காரன்